சுற்றிப் போனால் சீக்கிரம்

பிள்ளைகள் கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் வீடுகள் சேலம், நாமக்கல் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. பார்க்கக் கிளம்பும் பெற்றோர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். முதல் பதிலை வைத்து இரண்டாவதைக் கணக்குப் போட முடியாது.

பக்கத்து ஊருக்கே அது பொருந்தும். 2018 மார்ச் 25 அன்று மத்திய அரசின் உடான் விமானத் திட்டத்தில் சேலம் காமலாபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் பறக்கத் தொடங்கியது. சாலையில் ஏறக்குறைய 340 கி.மீ. என்றால் வான்வழியில் நேராகச் சுமார் 265 கி.மீ.தான். மணிக்கு 500 கி.மீ. போகக்கூடிய விமானம் அரை மணியில் போய்விட வேண்டும். ஆனால் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

இனி நெடுந்தூரம். உலக உருண்டையில் சேலத்தில் ஒரு நூலின் முனையை வைத்து, சான் பிரான்சிஸ்கோவரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் பசிபிக் கடலின் நடுவே போகத் தோன்றும். நூலோ சீனா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி, சுமார் 14,000 கி.மீ. சேலத்துக்காரர்கள் விமானம் ஏறப் போகும் பெங்களூரிலிருந்தும் ஏறக்குறைய இதே தூரம்தான். 2021 ஜனவரியில் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பெங்களூருக்கு வந்தது. ஏறத்தாழ 17 மணி நேரப் பயணம் அது.

என்னை மிகவும் வியக்க வைத்தது 2016 அக்டோபரில் நடந்தது. அதுவரை டெல்லியிலிருந்து அட்லாண்டிக் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்தைக் கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,000 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

காரணம் காற்று. வெப்பமண்டலச் சூட்டுக்கும் துருவக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தால், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓயாமல் ஓடுகிறது. பூமியின் சுழற்சிதான் அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. சில நாள் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும், மேற்கே போவதைத் தடுக்கும். அதனால்தான் வழியை அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள்.

பயணம் கிளம்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. குளிர்காலத்தில் கலிபோர்னியா நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், கோடையில் பன்னிரண்டரை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் பயண நேரம் சரியாக வரும்.