பாலாடைக்கட்டிக்கு நிறம் வந்த கதை

அமெரிக்கக் கடைகளில் சீஸ் என்னும் பாலாடைக்கட்டியை வில்லை வில்லையாக வெட்டி விற்கிறார்கள். ஒரு கட்டு வெள்ளையாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பது மஞ்சள். இன்னொன்று செம்மஞ்சள்!

பால் வெள்ளைதானே? அதில் செய்த கட்டிக்கு மஞ்சள் எங்கிருந்து வந்தது?

புல் தந்த நிறம்

பச்சைப் புல்லில் கரோட்டின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது. காரட்டுக்கு நிறம் தருவதும் அதுதான். பசு புல்லைத் தின்றால், அதில் ஒரு பகுதி பாலின் கொழுப்பில் சேருகிறது. பசு வெண்ணெய் மஞ்சளாக இருப்பது இதனால்தான். எருமையோ கரோட்டினை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றி விடுகிறது. ஆகவே எருமை வெண்ணெய் வெள்ளையாக இருக்கிறது.

வெண்ணெய் போயிற்று, சாயம் வந்தது

மஞ்சளாக இருந்தால் கொழுப்பு நிறைந்த நல்ல கட்டி என்று இங்கிலாந்து மக்கள் நம்பினார்கள். 17-ம் நூற்றாண்டில் சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். பாலேட்டை எடுத்து வெண்ணெயாக்கி விற்றார்கள். மிச்சப் பாலில் கட்டி செய்தார்கள். கொழுப்போடு மஞ்சளும் போய்விட்டது. வெளுத்த கட்டியை யார் வாங்குவார்கள்? குங்குமப்பூ, காரட் சாறு முதலியவற்றால் சாயம் ஏற்றினார்கள். பிறகு அன்னாட்டோ வந்தது. அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் தோன்றிய ஒரு சிறு மரத்தின் சிவப்பு விதை.

பூனைக்குட்டியும் வாந்தி எடுத்தது!

அன்னாட்டோ விஷமல்ல. ஆனால் அதிலும் கலப்படம் புகுந்தது. லண்டனில் வாழ்ந்த ரசாயன நிபுணர் பிரடெரிக் அக்கும், 1820-ல் வெளியிட்ட நூலில் இதைக் கூறுகிறார்.

ஒருவர் ஒரு விடுதியில் சுட்ட பாலாடைக்கட்டி சாப்பிட்டார். வயிற்றுவலியால் துடித்தார். மறுபடி சாப்பிட்டபோதும் அதே வலி. கட்டியின் தோலைத் தின்ற பூனைக்குட்டி வாந்தி எடுத்ததாக வேலைக்காரப் பெண் சொன்னாள். சோதித்துப் பார்த்தார்கள். கட்டியில் ஈயம் இருந்தது!

அன்னாட்டோ மட்டமாக இருந்ததால், அதை விற்றவர் நிறத்துக்காகச் சாதிலிங்கம் கலந்தார். சாதிலிங்கம் விற்றவரோ அதில் ஈயச் செந்தூரம் கலந்திருந்தார். வீட்டுக்கு வர்ணம் பூசத்தான் வாங்குகிறார்கள் என்று அவர் நினைத்தாராம்! கடைசியில் அது சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிட்டது.

உருக்கி வார்த்த கட்டி

பாலாடைக்கட்டியை உருக்கிப் பதப்படுத்தும் முறையை 1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், பிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் கண்டார்கள். 1916-ல் ஜேம்ஸ் கிராப்ட் அமெரிக்காவில் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பலவகைக் கட்டிகளைத் துருவி, கொழுப்பு பிரியாமலிருக்கச் சில உப்புகளைச் சேர்த்து, உருக்கி வார்க்கிறார்கள்.

பல கட்டிகள் சேருவதால் நிறம் ஒன்றுபோல் இராது. எல்லா வில்லையும் ஒரே நிறமாக இருக்க, அன்னாட்டோ போன்ற சாயத்தை அளவோடு சேர்க்கிறார்கள். கொஞ்சம் சேர்த்தால் மஞ்சள், கூடுதலாகச் சேர்த்தால் செம்மஞ்சள், சேர்க்காவிட்டால் வெள்ளை.

ஆகவே, மஞ்சள் கட்டியில் சத்து அதிகம் என்று எண்ண வேண்டாம். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்துக் காசு கொடுப்பதைவிட, அந்த எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குவதே நல்லது.