உங்களுக்குத் தெரியுமா? ஊருக்குப் போகும் வழியெல்லாம் புத்தர்!

லிட்கம் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ரூக்வூட் மயானம். முதல் அடக்கம் நடந்தது 1867இல். இன்றுவரை அங்கே துயில்பவர்கள் சுமார் பத்து இலட்சம் பேர்! சிட்னியில் நாம் 'பழசு' என்று காட்டுகிற இடம் அதுதான். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களே, கொஞ்சம் இங்கே வாருங்கள். அங்கே ஒரு மரம் நிற்கிறது. வயது 2,300!

அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதி. நட்டது கி.மு. 288 என்று கணக்கு. மனிதர் நட்டு, நட்ட காலமும் பதிவாகி, இன்னமும் தளிர் விட்டுக்கொண்டிருக்கும் மரங்களில் உலகிலேயே மூத்தது இதுதான்!

அந்தப் போதிக் கிளையோடு சங்கமித்தை வந்து இறங்கிய துறை எது தெரியுமா? மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளம். நம்ம மாதகலுக்குப் பக்கத்துச் சம்பில்துறைதான் அது என்கிறார்கள். அப்படியென்றால் உலகப் புகழ் மரம் முதலில் தொட்டது யாழ்ப்பாணத்து மண்!

பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் நீளம் சுமார் 435 கிலோமீற்றர். லிட்கமிலிருந்து மெல்பேர்ணுக்குக் காரில் போகிற தூரத்தில் பாதி! அந்தப் பாதிக்குள் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்கள் எட்டு! அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா மூன்றும் பட்டியலில் ஏறியது ஒரே ஆண்டில். 1982!

நயினாதீவுக்குப் போகாமல் ஊர்ப் பயணம் முடியுமா? குறிகட்டுவானில் படகேறினால் கால்மணி நேரம். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் படகுக்கு ஓடி வருகிறவர்களுக்கு ஒரு சேதி. அதே தீவில், நடக்கிற தூரத்தில், நாகதீப விகாரை. புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் நாகதீபத்துக்கு வந்தார் என்கிறது மகாவம்சம். ஏன் வந்தார்? ஒரு மணி ஆசனத்துக்காக மாமனும் மருமகனும் படை திரட்டி நின்றார்களாம். இருவரும் நாக அரசர்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க வந்தாராம்!

இப்போது மணிமேகலையைத் திறந்து பாருங்கள். அங்கேயும் ஒரு தீவு, மணிபல்லவம். அங்கேயும் இரண்டு நாக அரசர்கள். அங்கேயும் ஓர் ஆசனத்துக்குச் சண்டை. அங்கேயும் புத்தர்தான் தீர்த்து வைக்கிறார்! பாளி நூலும் தமிழ்க் காப்பியமும் ஒரே கதையைச் சொல்கின்றன. மணிபல்லவம் நயினாதீவேதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று முழுக்க முழுக்கப் பௌத்தக் காப்பியம் என்பதையாவது பிள்ளைகளுக்குப் படகிலேயே சொல்லிவிடுங்கள்!

இன்னும் இருக்கிறது. அதே அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. வெட்டுவித்தது யார்? பொலன்னறுவையின் சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு! 12ஆம் நூற்றாண்டுக் கப்பல் சட்டம் அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி! வெளிநாட்டார் வந்து தங்கவேண்டிய துறையையும் கல்லே சொல்கிறது. ஊராத்துறை. நம்ம ஊர்காவற்றுறை!

சுன்னாகம் பக்கம் போனால் கந்தரோடை. ஒரே வளவுக்குள் கூட்டங்கூட்டமாகக் குட்டித் தூபிகள்! அநுராதபுரத்துத் தூபிகள் மலை மாதிரி என்றால் இவற்றில் பல ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இப்படி ஒரு காட்சி இலங்கையில் வேறெங்கும் கிடையாது. உலகத்துக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் ஒரு நீதிபதி! யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய போல் ஈ. பீரிஸ், 1917இல் கட்டுரையே எழுதிவிட்டார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து தோண்டினார்கள். எங்கள் ஊர்க்காரர் பலர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை!

வல்லிபுர ஆழ்வாரிடம் போகிறீர்களா? 1936இல் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதான் ஒரு பொன் தகடு வெளிவந்தது. மொத்தம் நான்கே வரி! வசப மன்னன் காலத்தில், அமைச்சன் ஒருவன் நாகதீபத்தை ஆண்டபோது, ஒரு விகாரை கட்டப்பட்ட சேதி. ஏறக்குறைய 1,900 வருடத்துப் பொன் எழுத்து!

அதே வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலை இப்போது அங்கே இல்லை. 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக் அதைச் சியாம் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பிவிட்டார். வடமராட்சிப் புத்தர் தாய்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்!

திருகோணமலைக்கு வண்டியைத் திருப்புங்கள். கோணேசர், கன்னியா வெந்நீரூற்று, கடற்கரை. வழக்கமான பட்டியல் அதோடு முடிந்துவிடும். பெரியகுளத்துப் பக்கம் ஓர் இடம் இருக்கிறது. சிங்களத்தில் வெல்கம் விகாரை. தமிழில் 'இராஜராஜப் பெரும்பள்ளி'. ஆமாம், தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய அதே இராஜராஜன் பெயரில் ஒரு பௌத்தப் பள்ளி! அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துக்கும் மேல். கொடுத்தவர்கள் தமிழர்கள். கொடுத்தவை நந்தா விளக்குகளும் பசுக்களும். யாருக்கு? புத்தருக்கு! சிவன் கோயிலுக்கு எழுதுகிற அதே நடையில் புத்தர் பள்ளிக்கும் எழுதியிருக்கிறார்கள். சுற்றுவட்டத் தமிழ்ச் சனம் பிற்காலத்தில் அதை 'நாதனார் கோயில்' என்றே அழைத்தார்கள். தமிழருக்கும் பௌத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களை நேரே இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். கல்லே பதில் சொல்லும்!

பொலன்னறுவையில் இன்றும் அசையாமல் நிற்கும் சோழர் கற்றளி எது? வானவன்மாதேவி ஈசுவரம். தொல்லியல் பலகையில் 'சிவ தேவாலயம் இலக்கம் 2'. பலகையைப் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடாதீர்கள். அது தமிழ்நாட்டுக் கோயில் கட்டுமானம், அப்படியே!

அதே ஊரில் புத்தரின் பல்லுக்குக் காவல் யார் தெரியுமா? தமிழ்ப் படை! வேளைக்காரர் என்ற போர்வீரர்கள் தலதாய்ப் பெரும்பள்ளியைக் காப்போம் என்று உறுதி சொல்லித் தமிழிலேயே கல் வெட்டி வைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டு. கல் இன்னமும் பொலன்னறுவையில் நிற்கிறது. தமிழ் தெரிந்த நாம் அதன் முன்னே நிற்காவிட்டால் வேறு யார் நிற்பது?

அங்கேயே கல் விகாரைப் புத்தர் சாய்ந்து கிடக்கும் நீளம் 14 மீற்றர். பக்கத்தில் நிற்கும் சிலை 7 மீற்றர். எல்லாம் ஒரே பாறை. ஓர் ஒட்டுக்கூடக் கிடையாது!

அநுராதபுரத்துக்கு வந்துவிட்டோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜேதவனத் தூபி. மகாசேனன் காலம், 3ஆம் நூற்றாண்டு. கட்டியபோது உயரம் 122 மீற்றர். அந்தக் கால உலகில் அதைவிட உயர்ந்து நின்றவை இரண்டே இரண்டு, கீசாவின் பெரிய பிரமிட்டுகள்! நம்ம சிட்னி ஹார்பர் பாலத்தின் உச்சியே கடல்மட்டத்திலிருந்து 134 மீற்றர்தான். அதுவும் உருக்கு. இது வெறும் செங்கல். எத்தனை செங்கல்? 9 கோடியே 33 இலட்சம்!

இடிந்து குறைந்த பிறகும் 71 மீற்றர் மிச்சம். ஒப்பரா ஹவுஸைவிட இன்றைக்கும் உயரம்!

இதே அநுராதபுரத்தில் தமிழ் மன்னன் எல்லாளன் ஆண்டது 44 வருடம். அவனை வென்ற துட்டகைமுனுவே அவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினான். அந்த இடத்தைக் கடக்கும்போது மேளதாளம் நிறுத்தவேண்டும் என்று ஆணையும் போட்டான். சொல்வது மகாவம்சம்!

அபயகிரிப் பக்கத்தில் ஒரு பாறை. பிராமி எழுத்து. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவு. தமிழ்க் குடும்பத் தலைவர்கள் கூடி அமர்ந்த மேடை அது! இன்னாருடைய இருக்கை இது என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். மேடை கட்டுவித்தவன் சமணன் என்ற பெயருடைய ஒரு தமிழன். கூட்டத்தில் ஒரு கப்பல் தலைவனும் உண்டு! சங்கத்துக் கூட்டத்துக்கு மண்டபம் தேடி அலைகிற நமக்கு 2,100 வருடத்துக்கு முன்பே வழிகாட்டிகள்!

அபயகிரியில் ஒருவர் அழுதார். பெயர் பாகியான். சீனத் துறவி. நாட்டை விட்டுப் புறப்பட்டது 399இல். இரண்டு வருடம் அநுராதபுரத்தில் தங்கினார். ஒருநாள் பச்சைக்கல் புத்தரின் பக்கத்தில் ஒரு வணிகர் காணிக்கை வைப்பதைப் பார்த்தார். சீனத்து வெள்ளைப் பட்டு விசிறி! கண்ணீர் பொங்கிவிட்டது என்று தானே எழுதி வைத்தார். ஹோம்புஷ் கடையில் ஊர்ப் பனங்கட்டியைக் கண்டதும் தொண்டை அடைத்த எவருக்கும் அந்தத் துறவியைத் தெரியும்!

கொழும்பு நூதனசாலைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கல் அங்கே இருக்கிறது. கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ. ஒரே கல்லில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெய்வேந்திரமுனைத் தென்னாவர நாயனாருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குக் காணிக்கை. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு! ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி! 600 வருடத்துக்கு முன் சீனப் பேரரசன் இலங்கையில் பேச விரும்பிய மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. அந்தக் கல்லைக் கண்டுபிடித்த கதை இன்னும் பெரிய அதிசயம். 1911இல், காலியில், ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது! அதன்மேல் எத்தனை மாட்டுவண்டி ஓடியதோ!

சிகிரியா ஏறுபவர்களுக்கு ஒரே ஒரு சேதி. கண்ணாடிச் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு முன் வந்த சுற்றுலாக்காரர்கள் கிறுக்கிய பாட்டுகளைப் படித்து அச்சிட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை 685!

நாகப்பட்டினமும் பக்கந்தான். காங்கேசன்துறையிலிருந்து பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் மறுபடி புறப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்தது. நாலு மணி நேரப் பயணம்! மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில்தான் ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரை எழுப்பினான். இராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே எழுதிக் கொடுத்தான். 1856 தொடங்கி அந்த மண்ணிலிருந்து வெளிவந்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் சுமார் 350!

அங்கே நின்ற பழைய பௌத்தக் கோபுரம் மட்டும் இல்லை. இடித்துவிட்டார்கள். எந்த ஆண்டு? 1867! லிட்கமில் ரூக்வூட்டின் முதல் அடக்கம் நடந்த அதே ஆண்டு!

பயணத் தேதி போடும்போது இதைக் கவனியுங்கள். டிசம்பர் விடுமுறையில் வடக்கிலும் கிழக்கிலும் பருவமழை கொட்டும். நயினாதீவுக் கடலும் கொந்தளிக்கும். நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளின் ஜூலை விடுமுறையில் அங்கே வெயில் காய்கிறது. சில ஆண்டுகளில் நல்லூர்க் கொடியேற்றமும் ஜூலை கடைசியில் வந்துவிடும்!

பையில் ஒரு சோடி பழைய காலுறை போடுங்கள். தூபி வளவுக்குள் செருப்பு கூடாது, தொப்பி கூடாது. நண்பகல் கருங்கல் காலைச் சுட்டுவிடும்! புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். உடம்பில் புத்தரைப் பச்சை குத்தியவர்களை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கை அடையாள அட்டையை மறக்காதீர்கள். உள்ளூராருக்கு ஒரு கட்டணம், அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்கு வேறு கட்டணம்!

யாழ்தேவியில் போகிறீர்களா? 1956இல் ஓடத் தொடங்கிய ரயில். போரில் அறுந்த பாதை யாழ்ப்பாணம் வரை மறுபடி சேர்ந்தது 2014 அக்டோபரில். அநுராதபுரத்தில் நிற்கும். இறங்கிவிடுங்கள்!

வேன் வண்டியில் போகிறவர்களுக்கு ஏ9 வீதியோரத்திலேயே மிகிந்தலை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய வைத்தியசாலை இருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்து மூலிகை எண்ணெய் நிரப்பிய கல் தொட்டி, மனித உருவில் குடைந்தது, அப்படியே கிடக்கிறது! வவுனியா தாண்டி மதவாச்சி வந்ததும் சாரதி தம்பியிடம் ஞாபகமாகச் சொல்லிவிடுங்கள். அம்மம்மாவைக் கீழே நிழலில் இருத்துங்கள். பிள்ளைகளோடு நீங்கள் ஏறுங்கள். மொத்தம் 1,840 படிகள்!