முதலில் எந்தக் கல் வாங்குவது?

ஹேவாஹெட்டவில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் பெண்கள் குழு கூடும். சேமிப்புப் பணம், பிள்ளைகளின் படிப்பு, வெளிநாடு போனவர்களின் நிலைமை என்று பேச்சு போகும். சில மாதங்களுக்கு முன் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா என்னருகே வந்தார்.

"மிஸ், கடல் கல்லு வளர்க்கிறதெண்டா முதலில எந்தக் கல்லு வாங்கினா சாகாம இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலையும் மரக்கறியும் விளையும் மலையில் இருந்துகொண்டு கடல் கல்லா? அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. காதில் கிடந்த தோடுகளைக் காணவில்லை.

இந்த அக்காவின் பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்குப் போனவர்கள். அங்கே காடு வெட்டி, கிணறு வெட்டி, வீடு கட்டினார்கள். 2009இல் எல்லாம் போயிற்று. கணவரை இழந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, கைக்குழந்தையாக இருந்த மகனோடு தாயின் உறவினர்களைத் தேடி ஹேவாஹெட்டவுக்குத் திரும்பினார். அந்த மகன் இன்று கண்டி நகரில் அலங்கார மீன் கடையொன்றில் வேலை செய்கிறான்.

கண்டிக்கு அருகே தங்குவிடுதி நடத்தும் ஒருவர், வரவேற்பறையில் உயிருள்ள முருகைக்கற்களோடு ஒரு கடல் தொட்டி வேண்டும் என்று மகனிடம் கேட்டிருக்கிறார். பாதிப் பணம் முன்பணம், மீதி தொட்டி அழகாக அமைந்த பிறகு. அதன்பின் பராமரிப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை. தோடுகள் அடகுக் கடைக்குப் போன காரணம் அதுதான். போதாததற்கு நுண்கடன் எடுப்பதாகவும் யோசனை. கரையோரத்திலிருந்து ஒருவர், ஒரு பெட்டி உயிர்க்கல் மலிவாக அனுப்புவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

நான் சமூகவியல் படித்தவள். மீனும் தெரியாது, கல்லும் தெரியாது. ஆனாலும் கடன் வாங்கப் போகும் ஒரு பெண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் மகனோடு சேர்ந்து வாசித்தும், தெரிந்தவர்களிடம் விசாரித்தும் அறிந்துகொண்டதை உங்களோடும் பகிர்கிறேன்.

கல் அல்ல, உயிர்

முருகைக்கல் என்று நாம் சொல்வது கல் அல்ல. ஊசிமுனை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரையுள்ள மென்மையான உயிரினங்கள், கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கட்டிக்கொள்ளும் வீடு அது. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. முருகை அதற்கு இடம் கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். முருகை வெளுத்துப்போகும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் சாகும். 1998இல் நம் நாட்டுக் கரையோர முருகைகளுக்குப் பெருமளவில் நேர்ந்தது இதுதான்.

ஆகவே நல்ல வெளிச்சம், நிலையான வெப்பம், சுண்ணாம்புச் சத்துள்ள சுத்தமான உப்புநீர் மூன்றும் தேவை. எது குறைந்தாலும் முருகை தாங்காது.

முதலில் தண்ணீர்

புதிதாகத் தொடங்குபவர் மிகச் சிறிய தொட்டி வாங்கக் கூடாது. தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். 200 லீற்றர் அளவு ஓரளவு மன்னிக்கும். ஒரு லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால் முதல் நாளே 7 கிலோ வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடல் தொட்டிக்கென்று செய்த உப்புத்தான் வேண்டும். கிணற்றுநீரையோ குழாய்நீரையோ அப்படியே ஊற்றாமல் வடிகட்டிய நீரில் கரைக்க வேண்டும். வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றுவதானால் 20 லீற்றர், அதற்கு 700 கிராம் உப்பு. மாதம் ஏறக்குறைய 3 கிலோ. இந்தச் செலவு தொட்டி இருக்கும்வரை தொடரும்.

வெப்பம் 25 முதல் 26 பாகை செல்சியஸ் நல்லது. கொழும்பில் தண்ணீரைக் குளிர்விக்க இயந்திரம் தேவைப்படலாம். நம் மலைப்பக்கத்தில் இரவுக் குளிருக்குச் சூடாக்கும் கருவி தேவை. கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையும், காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஎச் அளவிலும் ஏற்ற இறக்கமின்றி நிற்க வேண்டும். இவற்றைப் பார்க்கச் சோதனைப் பெட்டிகள் விற்கிறார்கள்.

அடுத்தது பொறுமை. புதுத் தொட்டியில் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகும். அதை மாற்றும் நல்ல பக்டீரியாக்கள் கற்களில் குடியேற 4 முதல் 6 கிழமை பிடிக்கும். அதற்குப் பிறகும் கடின முருகைகளுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது காத்திருப்பது நல்லது. ஒரு பெட்டி கல்லை முதல் கிழமையே தொட்டியில் இறக்கினால் முழுப் பணமும் போய்விடும்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே ஒட்சிசன் குறையத் தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று இல்லாமல் தொடங்கவே கூடாது.

எது தாங்கும், எது தாங்காது

கடின முருகைகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். சதை தடித்துப் பெரிதாக இருப்பவை ஒரு வகை. உடல் ஊசிமுனையளவாக, கிளையாகவோ தட்டாகவோ வளர்பவை மற்றது. புதியவர்கள் முதல் வகையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊதுகுழல் கூட்டம்போல் தலைகள் நீட்டும் கோலஸ்ட்ரியா, பூப்போல விரியும் டங்கன், மூளை மடிப்புப் போன்ற ஃபேவைட்ஸ் மூன்றும் பொதுவாகத் தாங்கக்கூடியவை. நடுத்தர வெளிச்சம் போதும். டங்கன் கையால் கொடுக்கும் சிறு இறால் துண்டையும் பிடித்துத் தின்னும். பசியா நோயா என்று பார்த்தாலே தெரியும். ஃபேவைட்ஸ் இரவில் கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும் என்பதால் ஒரு சாண் இடம் விட வேண்டும். யூஃபில்லியாவும் அழகானது, ஆனால் அதற்கும் அக்கம்பக்கம் ஆகாது. இவை ஆறு மாதம் நன்றாக இருந்தால், இரண்டாம் வகையில் மொன்டிபோரா என்ற தட்டு முருகையை முயன்று பார்க்கலாம்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. மான்கொம்பு போன்ற அக்ரோபோரா தண்ணீரில் சிறு மாற்றத்தையும் தாங்காது. பூச்சாடி போன்ற கோனியோபோரா சில மாதம் அழகாக இருந்துவிட்டு மெல்லப் பட்டினியில் கரைந்துபோவது பலருக்கும் நேர்ந்திருக்கிறது.

புதிதாக வந்த முருகையை உடனே விளக்கின் கீழ் வைக்கக் கூடாது. அடித்தளத்தில் மங்கிய இடத்தில் வைத்து, இரண்டு மூன்று கிழமையில் மெல்ல மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். இதைச் சொன்னபோது அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முகாமில இருந்து வந்த புதுசில நானும் மூலையிலதானே இருந்தன் மிஸ். அவசரப்படுத்தாம விட்டாங்க, எழும்பினன்" என்றார்.

பெட்டியில் வருவது எங்கிருந்து?

மலிவாக வருவதாகச் சொன்ன அந்தப் பெட்டிதான் என்னைப் பயமுறுத்தியது. இலங்கைக் கடலில் உயிருள்ள கடின முருகைகள் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து வருவதானால் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி அனுமதிப் பத்திரம் வேண்டும். இலங்கை 1979 முதல் அதில் உறுப்புநாடு. பிடிபட்டால் தொலைபேசியில் பேசியவர் வரமாட்டார். பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் நீதிமன்றம் போவார்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. தென்கரையில் சுண்ணாம்புச் சூளைகளுக்காகப் பல வருடங்கள் முருகைக்கல் உடைத்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, முருகைப் பாறை காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர். சில கிலோமீற்றர் தள்ளி, பாறை உடைக்கப்பட்டிருந்த பெரலியப் பகுதியில் அது சுமார் 10 மீற்றர் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோரோடு ரயில் அடித்துச் செல்லப்பட்ட இடம் அதுதான்.

நமது வாசகியரில் பலர் திருகோணமலை, மட்டக்களப்பு, முல்லைத்தீவுக் கரைகளில் போரையும் கடலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தவர்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட நிலாவெளிப் புறாத்தீவின் முருகைகளும், பாசிக்குடாவின் முருகைகளும் மீனுக்கு வீடு, கரைக்கு வேலி. வேலியைப் பிடுங்கி விற்கச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், எவ்வளவு காசு தந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கொப்பியில் எழுதிய கணக்கு

அக்கா அந்தப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நுண்கடனும் எடுக்கவில்லை. விடுதிக்காரரிடம் மகனோடு நானும் போனேன். மூன்று மாதம் தண்ணீரும் செயற்கைப் பாறையும் இரண்டு கோமாளி மீனும் மட்டும். அதன்பின் பத்திரம் காட்டக்கூடியவரிடம், தொட்டியில் வளர்த்த ஒரு டங்கன், ஒரு கோலஸ்ட்ரியா. சாமான் செலவு அவருடையது, உழைப்பு நம்முடையது என்று பேசி எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அவருக்கு முழுத் திருப்தியில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுப் பின்புறத்தில் இரண்டு சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நன்னீர் மீனுக்கு இந்த உப்புச் செலவு இல்லை. கையில் முதல் இல்லாத சகோதரிகளுக்கு நான் சொல்வதும் அதுதான்: நன்னீரில் தொடங்குங்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையில் அலங்கார மீன் வளர்ப்புக்கு ஆலோசனை கேட்கலாம்.

போன ஞாயிறு அக்கா ஒரு பாடசாலைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். திகதி, வெப்பம், உப்பு, கல்சியம் என்று கோடு போட்டு, மகன் சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதிய பக்கங்கள். பத்துக் கிழமைக் கணக்கு. கடைசி நான்கு கிழமையிலும் எண்கள் பெரிதாக மாறவில்லை.

தொட்டிக்குள் இன்னும் ஒரு முருகைகூட வரவில்லை. "அவசரமில்ல மிஸ், தண்ணி நிண்டிட்டுது" என்றார். ஒரு காதுத் தோடு திரும்பி வந்திருந்தது. மற்றது அடுத்த மாதம் வரும் என்று சிரித்தார்.