ராகிக் காட்டில் தங்கும் கரி

பெங்களூர் பல்லாரி ரோட்டில் ஹெப்பாளத்தைத் தாண்டி எலகங்கா பக்கம் பஸ்சில் போகிறவர்கள் 'ஜி.கே.வி.கே.' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அதுதான் 1964-ல் தொடங்கிய வேளாண்மைப் பல்கலைக்கழகம். அங்கே மழையை மட்டுமே நம்பிய செம்மண் நிலத்தில், 1978-ல் ஒரு நீண்ட காலச் சோதனை தொடங்கப்பட்டது. பயிர் ராகி.

ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை. ஒன்றுக்கு ரசாயன உரம் மட்டும். இன்னொன்றுக்கு எக்டேருக்கு 10 டன் தொழு உரம். வேறொன்றுக்கு இரண்டும் சேர்த்து. ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே உரம்தான்.

உரமே காணாத பாத்தி மெலிந்தது. அதில் வியப்பு இல்லை. ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்தி முதலில் நன்றாக விளைந்து, ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்ததுதான் பலரை யோசிக்க வைத்தது. எருவும் உரமும் சேர்ந்த பாத்தியே நிலைத்து நின்றது. அதன் மண்ணில் கரிச்சத்தும் கூடியது.

கரி எங்கிருந்து வந்தது?

காற்றில் இருந்து வந்தது. பயிர் கரியமில வாயுவை இலை வழியே இழுத்து, தண்டாகவும் வேராகவும் ஆக்கிக் கொள்கிறது. அந்தத் தாளைத் தின்ற மாட்டின் சாணமும், நிலத்தில் நின்ற வேரும் மண்ணில் மட்குகின்றன. பெரும் பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மறுபடி காற்றுக்கே விட்டுவிடும். ஒரு சிறு பங்குதான் மண்ணோடு ஒட்டி நிற்கும். செம்மண்ணில் களி குறைவு, வெயிலோ அதிகம். அதனால் 100 கிலோ மானாவாரி மண்ணில் அரை கிலோ கரி இருப்பதே பல இடங்களில் அபூர்வம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை ஏறத்தாழ 900 டன். அதில் கரி 100-க்கு 0.1 பங்கு கூடினால் 900 கிலோ. காற்றில் இருந்து 3 டன்னுக்கு மேல் கரியமில வாயு இறங்கியதற்குச் சமம். ஆனால் இது ஓரிரு வருடத்தில் நடக்கிற காரியம் அல்ல.

2015-ல் பாரிஸ் மாநாட்டின்போது, மண்ணின் கரியை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு கூட்டும் திட்டத்தைப் பிரான்ஸ் அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் காற்றைச் சுத்தம் செய்வதற்காக எந்த விவசாயியும் எருக்கூடை சுமக்க மாட்டார். இரண்டு வாரம் மழை பொய்த்தால் பயிர் தாங்குமா என்பதே அவர் கவலை. கரி ஏறிய மண் இறுகாது, மழைநீரை உள்ளே விடும், ஈரத்தையும் சற்றுக் கூடுதலாகப் பிடித்து வைக்கும்.

எருவுக்கு எங்கே போவது?

ஏக்கருக்கு 4 டன் எரு என்றால் மாடு வேண்டும். மாடு குறைந்த வீட்டுக்கும் வழி உண்டு. பெங்களூர் டாடா இன்ஸ்டிடியூட்டில் சி.என்.ஆச்சார்யா 1939-ல் வகுத்த முறை 'பெங்களூர் முறை' என்றே பெயர் பெற்றது. குழியில் குப்பையையும் கழிவையும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் பூசி, 6 முதல் 8 மாதம் விட்டுவிட வேண்டும். கிளறும் வேலை இல்லை. ராகி 8 வரிசைக்குத் துவரை 2 வரிசை என்று கலந்து விதைத்தால், ஆழமாக இறங்கும் துவரை வேரும் உதிரும் இலையும் மண்ணுக்கே சேரும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கம் இரண்டு ஏக்கர் காட்டை வாரத்துக்கு விட்டுவிட்டு இங்கே ஷிப்டு பார்ப்பவர்கள் ஏராளம். ஒரு வருட வாரத்துக்கு எடுத்தவர் எரு அடிப்பாரா? பலன் அடுத்தவனுக்குப் போய்விடுமே! யூரியா மூட்டையோடு நிறுத்திக் கொள்கிறார். அவரைக் குறை சொல்வது நியாயம் அல்ல. மூன்று, நான்கு வருடத்துக்குச் சேர்த்துப் பேசி, எருச் செலவில் நிலத்துக்காரரும் பாதி ஏற்றால் அவரும் துணிவார்.

வேறு சிலர் செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்கிறார்கள். கரி அதிகம் தங்கியிருப்பது அந்த மேல் அரை அடியில்தான். தாத்தா காலம் தொட்டு எரு அடித்துச் சேர்த்தது, லாரியில் ஒரே நாளில் போய்விடுகிறது.