ஈயம் இரண்டு: குழந்தைகளின் வளர்ச்சியைக் காப்போம்

மைசூருவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் குன்றின்மேல் அமைந்துள்ளது திருநாராயணபுரம் எனப்படும் மேல்கோட்டை. இராமானுசர் வாழ்ந்த இத்தலத்தில் தலைமுறைகளாகத் தமிழ் பேசிவரும் மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் உள்ளன. இவ்வூரின் புளியோதரையைச் சுவைக்காமல் திரும்பும் யாத்திரிகர் சிலரே.

புளிப்பு உலோகத்தைக் கரைக்கும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியதும், இரசத்திற்கு ஈயச் சொம்பைப் பயன்படுத்தியதும் அதனால்தான். ஆனால் தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. சமையலுக்கு உகந்தது வெள்ளீயம். மற்றொன்றாகிய காரீயம் கொடிய நஞ்சு. வெள்ளீயத்தின் விலை பல மடங்கு அதிகம். ஆகவே கலப்படத்திற்கு இடமுண்டு. கலப்படப் பூச்சின்மீது புளி பட்டால் காரீயம் உணவில் இறங்கும். சுற்றுச்சூழல் மாசு என்றால் ஆலைப் புகையை மட்டுமே நினைக்கும் நாம், அடுக்களையையும் நோக்க வேண்டும்.

குழந்தைக்கு ஏன் கூடுதல் தீங்கு?

உட்கொள்ளும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது. சுண்ணாம்புச் சத்தைப் போல் வேடமிட்டு அது எலும்பில் தங்குகிறது. வளரும் மூளையையும் அடைகிறது. கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கும் செல்கிறது. இரத்தச்சோகை, வளர்ச்சிக் குறைவு, கவனச்சிதறல், கற்றலில் பின்னடைவு ஆகியவை இதன் விளைவுகள். பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாது. மூளைக்கு நேர்ந்த பாதிப்பும் எளிதில் மீளாது. பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆய்வுகள் காட்டும் உண்மை

1990களின் இறுதியில் ஜார்ஜ் அறக்கட்டளை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஆய்வு நடத்தியது. 12 வயதிற்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் காரீயமற்ற பெட்ரோல் நடைமுறைக்கு வந்தது. பெரியதொரு வாயில் அடைபட்டது. எனினும் மற்ற வாயில்கள் திறந்தே உள்ளன. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், காரீய அளவு கூடியவர்களிடம் கவனக்குறைவும் மிகுந்திருந்தது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் உள்ளதாக யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. சில இறக்குமதிப் பித்தளை, அலுமினியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசியக்கூடும் என 2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

நாம் செய்யக்கூடியவை

• பூச்சின் தரம் தெரியாத பாத்திரத்தில் புளிக்காய்ச்சல், இரசம், ஊறுகாய் வைக்காதிருத்தல். அவற்றிற்கு எவர்சில்வரே ஏற்றது.

• ஈயச் சொம்பைக் காகிதத்தில் தேய்த்தால் கருங்கோடு விழுமாயின் அதனை விலக்குதல். கோடு விழாததாலேயே அது தூயதென்று கொள்ளலாகாது. சிறு கலப்படத்தை ஆய்வகமே காட்டும்.

• 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வீட்டு வண்ணப்பூச்சில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது. பழைய பூச்சு உதிரும் சுவரிலிருந்து குழந்தைகளை விலக்கி வைத்தல்.

• பழைய பேட்டரிகளை வீட்டருகே பிரிக்க இடமளியாதிருத்தல்.

• கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்துக்கு மயங்காது, நம்பகமான மஞ்சள்தூளை வாங்குதல்.

• இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த கீரை, கேழ்வரகு, பால் ஆகியவற்றை உணவில் சேர்த்தல். இச்சத்துகள் குறைந்தால் உடல் காரீயத்தை மேலும் உறிஞ்சும்.

ஐயம் எழுந்தால் மருத்துவரை அணுகி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அளவு 5 மைக்ரோகிராமை எட்டினாலே, காரீயம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும்.

குழந்தைகளின் கல்விக்கெனத் திங்கள்தோறும் சேமிக்கிறோம். அக்கல்வியைப் பெறவிருக்கும் மூளையைக் காப்பதும் அச்சேமிப்பின் ஒரு பகுதியே. அதனை இன்றே நம் அடுக்களையிலிருந்து தொடங்குவோம்.