சுறா பெருகிய கணக்கு

உயிரியலுக்குள் கணிதத்தைக் கொண்டுவரும் முதுநிலை வகுப்புகள் பலவற்றில், தொடக்கத்திலேயே ஒரு மீன்சந்தைக் கணக்கு வந்துவிடும். அது விளங்கினால், இந்தத் துறை எதற்கு என்பதும் பாதி விளங்கிவிடும்.

முதல் உலகப் போரின்போது அட்ரியாடிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்தபின், இத்தாலிய உயிரியலாளர் உம்பெர்த்தோ டாங்கோனா துறைமுகச் சந்தைகளின் பதிவுகளைப் புரட்டினார். இன்றைய குரோவேஷியாவின் ரியேகா அப்போது ஃபியூமே. அங்கே வந்திறங்கிய மீனில் சுறா, திருக்கை முதலியவற்றின் பங்கு 1914-இல் சுமார் 12 சதவீதம், 1918-இல் 36, மீன்பிடிப்பு பழையபடி நடந்த 1923-இல் 11. வலை விழாவிட்டால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும்? சுறாவுக்கு மட்டும் ஏன் இந்த யோகம்?

கேள்வி கணிதவியலாளர் வீத்தோ வோல்த்தேராவிடம் போனது. 1926-இல் இரண்டே சமன்பாடுகளில் விடை சொன்னார். ஆல்ஃபிரெட் லோட்கா அமெரிக்காவில் அதே சமன்பாடுகளைத் தனியே எட்டியிருந்தார்.

சின்ன மீன் வட்டிக்கு வட்டிபோலப் பெருகும்; சுறாவிடம் சிக்கும் அளவுக்குக் குறையும். சுறா இரையில்லாவிட்டால் மடியும். இரை கிடைக்கும் அளவுக்குப் பெருகும். அவ்வளவுதான் சமன்பாடுகள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். சுறாக்கூட்டம் கூடாமலும் குறையாமலும் இருக்க என்ன வேண்டும்? சாகும் சுறாக்களை ஈடுகட்டும் அளவுக்கு இரை வேண்டும். ஆக, சின்ன மீனின் சராசரி எண்ணிக்கையை முடிவு செய்வது, அது இடும் முட்டைகள் அல்ல. சுறா சாகும் வேகம். அப்படியே மறுபக்கம், சுறாவின் சராசரியை முடிவு செய்வது சின்ன மீன் பெருகும் வேகம். இந்தக் குறுக்குப் பிணைப்பு வெறும் ஊகத்தில் பிடிபடாது. சமன்பாட்டை எழுதிப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் இரண்டு வரியில் வந்துவிடும்.

இனி வலையை இறக்குங்கள். சுறா சாகும் வேகம் கூடுகிறது. அதனால் சின்ன மீனின் சராசரி ஏறுகிறது. சின்ன மீன் பெருகும் வேகம் குறைகிறது. அதனால் சுறாவின் சராசரி இறங்குகிறது. வலையை எடுத்தால் எல்லாம் தலைகீழ். போர்க்காலச் சந்தையில் தெரிந்தது இதுதான்.

இது மீனோடு முடியவில்லை. நெல்லில் புகையான் பூச்சிக்கு மருந்தடிக்கிறோம். அதைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்தே சாகின்றன. சில வாரங்களில் புகையான் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்புகிறது. இதைக் கண்டு, இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

உண்மைக் கடலும் வயலும் இரண்டு சமன்பாடுகளுக்குள் அடங்காதவைதான். இரைக்கு இரை உண்டு, நோய் உண்டு, பருவம் உண்டு. வகுப்பின் மீதி வாரங்களில் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஆனால் முதல் பாடம் மாறுவதில்லை. மருந்து எத்தனை பூச்சியைக் கொன்றது என்று எண்ணினால் போதாது. அவற்றைத் தின்பவை எத்தனை மிஞ்சின என்றும் எண்ண வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியை நம்மைக் கேட்க வைப்பதற்காகவே உயிரியலுக்குக் கணிதம் வேண்டும் என்கிறேன்.