கண்ணோட்டமும் நகரப் பிரயாணமும்

நாகரிகம் என்னுஞ் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். நல்லுடை உடுத்தவனை நாகரிகமுடையவன் என்கின்றோம். புதிய வீட்டையும் புதிய வாகனத்தையும் நாகரிகத்தின் சின்னங்கள் என்கின்றோம். நகரம் என்பதன் வழிவந்த அச்சொல்லுக்கு நகரத்தார்க்குரிய ஒழுக்கம் என்பதே முதற்பொருள். திருக்குறளிலோ அது ஆழ்ந்த பொருளொன்றைப் பெற்றுள்ளது. கண்ணோட்டம் என்னும் 58 ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர் அச்சொல்லை ஆண்டுள்ளார். உரையாசிரியர் பரிமேலழகர் அவ்விடத்து நாகரிகம் என்பதற்குக் கண்ணோட்டம் என்றே பொருள் கொண்டார். எனவே, ஒருவன் நாகரிகமுடையவனோ அல்லனோ என்பதை அவன் உடையைக்கொண்டு அளத்தல் பொருந்தாது; அவன் கண் பிறர்மேற் செல்லும் முறையைக்கொண்டே அளத்தல் வேண்டும்.

அவ்வாறு அளப்பதற்கு உகந்த இடங்களுள் ஒன்று, மாலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிப் புறப்படும் பஸ்வண்டியாகும். கந்தோர் விட்டு வருவோர், கடைச் சிப்பந்திகள், மாணவர், நோயாளர், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் எனப் பலரும் அதனுள் நெருங்கி நிற்பர். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எனத் தரிப்பிடந்தோறும் சிலர் இறங்கப் பலர் ஏறுவர். ஒருவர் பெயரை மற்றவர் அறியார். நாளை மீண்டுங் காண்போம் என்ற எண்ணமும் இல்லை. இத்தகைய கூட்டத்திலே மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு ஒழுகுகின்றனர், அவ்வொழுக்கம் ஏன் சில வேளைகளிற் பிறழ்கின்றது, அதனைச் சீர்செய்வது எவ்வாறு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராமத்து மரியாதையும் நகரத்து மரியாதையும் ஒரே அடிப்படையில் எழுந்தனவல்ல. கிராமத்து ஒழுங்கையில் எதிரே வருபவர் யார் மகன், யார் மருமகன் என்பதை நாம் அறிவோம். வழிவிடுதலும் நலம் விசாரித்தலும் அவ்வறிவின் வழியே இயல்பாக நிகழ்வன. தவறுவோமாயின் அச்செய்தி நாம் வீடு சேருமுன்னரே வீட்டை அடைந்துவிடும். ஆகவே ஆண்டு அன்போடு அச்சமும் சேர்ந்து நம்மைக் காக்கின்றது. நகரத்திலோ அவ்வுறவுமில்லை, அவ்வச்சமுமில்லை.

இந்நிலை மனித வரலாற்றிலே புதியதொன்றாகும். பஸ்வண்டியும் புகைவண்டியும் டிராம்வண்டியும் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னர், ஒரு வார்த்தையேனும் பேசாது நிமிடக்கணக்காகவும் மணிக்கணக்காகவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை மக்களுக்கு வாய்த்ததில்லை என ஜேர்மானிய அறிஞர் ஜோர்ஜ் சிமெல் 1908 இல் வெளியிட்ட நூலிலே எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் 1864 டிசெம்பரிலேதான் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதற் புகைவண்டி ஓடிற்று. உறவினரோடு பழகும் முறையை வகுத்துக்கொள்ள நம் முன்னோர்க்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. அயலார் தோளோடு தோள் உரச நிற்கும் முறையைக் கற்க நமக்குக் கிடைத்த காலமோ நூற்றறுபது ஆண்டுகள் அளவினது.

பரிமேலழகர் கண்ணோட்டத்தை விளக்குமிடத்து, தன்னோடு பழகியோரைக் கண்டால் அவர் கூறியதை மறுக்கமாட்டாத தன்மை என்ற கருத்துப்பட உரைக்கின்றார். பழகியோர்மாட்டு நிகழ்வதாக அவர் கூறிய அப்பண்பைப் பழகாதார்மாட்டும் நிகழச் செய்தலே நகரப் பிரயாணி கற்கவேண்டிய பாடம் என்க. அவ்வதிகாரம் அரசனுக்குரிய பண்புகளைக் கூறும் பகுதியில் அமைந்திருத்தலும் சிந்திக்கத்தக்கது. நெருக்கம் மிக்க வண்டியிலே ஆசனம் பெற்றவன் அந்த அரைமணி நேரத்துக்கு ஒரு சிற்றரசனே. கொடுக்கவும் மறுக்கவும் வல்லமை அவனிடத்தே உண்டு.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். பிறரை உற்றுநோக்காதிருத்தலும் ஒரு மரியாதையே. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஏர்விங் கோவ்மன் 1963 இல் எழுதிய நூலிலே இதனை ஆராய்ந்துள்ளார். எதிரேயுள்ளவரைக் கண்டோம் என்பது புலப்பட ஒருகணம் நோக்கி, அவரைத் தொல்லைப்படுத்தாது பார்வையை மீட்டுக்கொள்ளுதல் நகரத்தாரின் நயமான வழக்கம் என்பது அவர் கருத்து. அடுத்தவர் கைத்தொலைபேசியை எட்டிப் பாராதிருத்தலும், அவர்தம் உரையாடலுக்குச் செவிகொடாதிருத்தலும் இவ்வகையின. ஆனால், கைத்தடியோடு ஒரு முதியவர் ஏறியவுடன் கண்களை மூடித் துயில்வார்போல் நடித்தல் இதனின்றும் முற்றிலும் வேறானது. முன்னையது பிறர் நலங்கருதிக் கண்ணை விலக்குவது. பின்னையது தன்னலங்கருதிக் கண்ணை மூடுவது. புறத்தே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்று பண்பு, மற்றொன்று பண்பின்மை.

பண்பின்மையின் வடிவங்கள் நாம் அனைவரும் அறிந்தனவே. இறங்குவோர்க்கு வழிவிடாது முண்டியடித்து ஏறுதல், உள்ளே இடமிருக்கவும் மிதிபலகையிலே நின்று வழியை அடைத்தல், முதுகிற் சுமந்த பையாற் பின்னிற்பவரை இடித்தல், வண்டி முழுவதுங் கேட்கக் கைத்தொலைபேசியிற் பேசுதல், யன்னல் வழியே வெற்றிலை எச்சில் துப்புதல் என அவை விரியும். இவற்றை எல்லாம் மனத்தின் கோணல் என்று மட்டும் கூறி அமைதல் நியாயமாகாது, சூழ்நிலைக்கும் பங்குண்டு. வண்டி எப்போது வரும் என்பதும், வந்தால் நிற்குமோ என்பதும் நிச்சயமற்றிருக்கும் இடத்திலே வரிசை குலைதல் எளிது. தனக்குப் பின்வருவதும் வண்டிதான் என்ற நம்பிக்கை உள்ளவன் பொறுத்திருப்பான். அந்நம்பிக்கை இல்லாதவன் முண்டியடிப்பான்.

நடத்துநரையும் சாரதியையும் குறைகூறுமிடத்தும் இவ்வுண்மையை மறத்தலாகாது. 1958 சனவரி 1 ஆம் நாள் பஸ் சேவைகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கப்பெற்றது. 1970களின் இறுதியிலே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அத்தகைய வண்டிகள் பலவற்றில், உரிமையாளர்க்கு நாள்தோறும் ஒரு தொகையைச் செலுத்திவிட்டு எஞ்சியதையே தொழிலாளர் பகிர்ந்துகொள்ளும் முறை உண்டு. ஏறும் ஒவ்வொரு பிரயாணியும் அவர்தம் வீட்டு அடுப்புக்கு விறகு. ஆதலாலேயே ஓரிடத்தில் வண்டி ஆட்களுக்காக நெடுநேரம் காத்து நிற்கின்றது. வேறோரிடத்தில் முதியவளின் இரண்டாங் கால் படியிற் பதியுமுன் புறப்படுகின்றது. இது பிழையைப் பிழையன்று எனக் கூறுவதன்று. அப்பிழையின் வேர் எங்குள்ளது எனக் காட்டுவதேயாம்.

எனினும், சூழ்நிலையைக் காட்டித் தப்பமுடியாத இழிசெயல் ஒன்றுண்டு. நெருக்கத்தைத் திரையாகக் கொண்டு பெண்களைத் தீண்டித் துன்புறுத்துதலே அது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இந்நாட்டில் நடத்திய ஆய்வின்படி, பெண்களில் 90 சதவீதத்தினர் பஸ்வண்டிகளிலோ புகைவண்டிகளிலோ இத்தகைய துன்பத்துக்கு ஆளாகியுள்ளனர். 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு இதனை ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக விதிக்கின்றது. ஆயினும் வண்டியினுள்ளே சட்டப்புத்தகம் ஏறி வருவதில்லை. ஏறி வருபவர்கள் நாமே. ஒரு மாணவி முகஞ்சுளித்து விலகுவதைக் கண்டும் யன்னலுக்கு வெளியே கடலை நோக்குபவன், தீண்டியவனுக்குத் துணைசெய்கின்றான். அவளருகே சென்று நிற்றல், இடம் மாறி அமரும்படி கூறுதல், நடத்துநரை உரத்த குரலில் அழைத்தல் என்பன வீரச்செயல்களல்ல. யாரும் செய்யத்தக்கன, ஆகவே யாவரும் செய்யவேண்டியன.

இனி, மரியாதையை விதியால் விளைவிக்கலாமோ, அன்றி உள்ளத்துக்கே விட்டுவிடலாமோ என்ற வினா எழும். நமது பஸ்வண்டிகளில் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என ஆசனங்கள் குறித்து வைக்கப்பட்டுள்ளன. யப்பானிலே 1973 செப்டெம்பர் 15 ஆம் நாள், முதியோரைக் கனம்பண்ணும் விடுமுறை நாளன்று, தோக்கியோ நகரின் புகைவண்டிப் பாதையொன்றில் முதியோர்க்கென ‘வெள்ளி ஆசனம்’ தொடங்கப்பெற்றது. பின்னர் 1999 இல் ஒசாக்காப் பகுதியின் ஹன்கியு புகைவண்டி நிறுவனம், தனி ஆசனம் எதற்கு, எல்லா ஆசனமும் தேவையுடையோர்க்கே உரியன எனக் கொண்டு அவ்வேறுபாட்டை நீக்கியது. கருத்து உயர்ந்ததே, பயன் கிட்டவில்லை. எல்லாருக்கும் உரிய கடமை ஒருவருக்கும் உரியதாகாது போயிற்று. முதியோர்க்கு இடங்கிடைப்பதில்லை என்ற குறை எழவே, 2007 இல் குறித்த ஆசனங்கள் மீண்டும் வைக்கப்பட்டன. விதி உள்ளத்துக்கு ஊன்றுகோல் என்பது இதனாற் பெறப்படும். ஆனால் ஊன்றுகோல் தானாக நடவாது. குறித்த ஆசனத்தில் இருப்பவன்தான் எழவேண்டும், எனக்கு அக்கடமை இல்லை என ஏனையோர் கருதத் தொடங்கின், ஓர் எழுத்துப்பலகை ஐம்பது பேரின் மனச்சாட்சியை உறங்கச் செய்துவிடும்.

மக்கள் உள்ளம் அவ்வளவு கடினமானதன்று என்பதற்கும் சான்றுண்டு. நியூயோர்க் நகரிலே உளவியலறிஞர் ஸ்டான்லி மில்கிறம் தம் மாணவரைச் சுரங்கப் புகைவண்டிகளுக்கு அனுப்பி, அமர்ந்திருந்தோரிடம் ஆசனத்தைக் கேட்கச் செய்தார். 1978 இல் வெளிவந்த முடிவு வியப்பானது. காரணம் ஒன்றுங் கூறாது கேட்டபோது 100 பேரில் ஏறத்தாழ 68 பேர் எழுந்தோ ஒதுங்கியோ இடமளித்தனர். நின்றுகொண்டு புத்தகம் வாசிக்க இயலவில்லை என்ற அற்பக் காரணத்தைக் கூறியபோது அத்தொகை ஏறத்தாழ 42 ஆகக் குறைந்தது. கேட்பது எளிதென எண்ணித் தாமுஞ் சென்ற மில்கிறம், சொற்கள் தொண்டையிற் சிக்கிக்கொண்டன என்றும், இடம்பெற்று அமர்ந்தபின் நோயுற்றவர்போலத் தோன்றவேண்டும் என்ற உந்துதல் எழுந்தது என்றும் கூறியுள்ளார். இதனின்றும் நாம் அறிவது யாது? கொடுப்பதிலும் கேட்பதே அரிது. நலிந்த முதியவளும் கர்ப்பிணிப் பெண்ணும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். ஆகவே கேளாமுன்னரே காணுதல் அமர்ந்திருப்பவர் கடன்.

இவ்வாறெல்லாம் எழுதும் இக்கட்டுரையாளனும் குற்றமற்றவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வெள்ளவத்தைக்குச் செல்லும் வண்டியிலே யன்னலோர ஆசனம் பெற்றுப் புத்தகம் ஒன்றை விரித்திருந்தேன். மருதானைப் பக்கத்து வைத்தியசாலையொன்றிலிருந்து வருபவர்போலும், மருந்துப்பையைக் கையிற்கொண்ட தமிழ் மூதாட்டி ஒருவர் ஏறி என்னருகே நின்றார். அவரைக் கண்டேன். கண்டபின் புத்தகத்தை முன்னிலும் ஊன்றி வாசித்தேன். ஒரு வரியும் மனத்திற் பதியவில்லை. அப்போது இரண்டு வரிசைக்கு அப்பாலிருந்த கூலித்தொழிலாளி ஒருவர், சுண்ணாம்பு படிந்த கையோடு எழுந்து, “அம்மே, வாடிவென்ன” என அழைத்தார். மூதாட்டிக்குச் சிங்களம் தெரியாது. ஆயினும் ‘அம்மே’ என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அமர்ந்தவுடன் அவர், நின்றுகொண்டிருந்த அத்தொழிலாளியின் சாப்பாட்டுப் பையைக் கைநீட்டி வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் பின்னர் ஒன்றும் பேசவில்லை. கற்றவன் என எண்ணியிருந்த நான் அன்று கற்றுக்கொண்டது அந்தப் புத்தகத்திலிருந்தன்று.

நிற்பவரின் சுமையை அமர்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் இவ்வழக்கம் நம் நாட்டு வண்டிகளில் நெடுங்காலமாக உள்ளது. எந்தப் பலகையும் அதனைக் கட்டளையிடவில்லை. தன் பொருளை முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைக்கும் நம்பிக்கையும், அதனைப் பேணித் திரும்பக் கொடுக்கும் நேர்மையும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. பழகாதார்மாட்டுக் கண்ணோட்டம் நமக்கு இயலாததன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஆனால் அக்கண்ணோட்டம் நல்லுடை கண்டபோது விரிந்தும் அழுக்குடை கண்டபோது சுருங்கியும், நம் மொழி கேட்டபோது மலர்ந்தும் பிறமொழி கேட்டபோது வாடியும் நிற்குமாயின், அது உறவினர்க்குச் செய்யும் உபசாரமேயன்றி நாகரிகமாகாது.

கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் பலர் தொழிலின் பொருட்டும் மேற்படிப்பின் பொருட்டும் கொழும்புக்கோ அதனினும் பெரிய நகரங்களுக்கோ செல்வர். அவர்தம் சான்றிதழை அங்குள்ள பிரயாணிகள் எவரும் பார்க்கப் போவதில்லை. தரிப்பிடத்தில் வரிசையாய் நிற்கும்போதும், இறங்குவோர்க்கு வழிவிடும்போதும், நடத்துநரிடம் மிச்சக்காசைச் சினவாது கேட்கும்போதும், ஒருவர் தளர்ந்து ஏறக் கண்டு எழும்போதுமே அவர் கற்ற கல்வி வெளிப்படும். அடுத்தமுறை வண்டியில் அமர்ந்திருக்கையில் படியருகே ஒரு காலடி தயங்குவது கேட்குமாயின், புத்தகத்தினின்றும் கண்ணை உயர்த்துவோமாக. நாகரிகம் அக்கணத்திலேயே தொடங்குகின்றது.